அப்பா பேசிய சாரல்

போனில் நம் வகுப்புக் குழுவில் தினமும் விடிவதற்கு முன்னால் ஒரு ரோஜாப்பூ வந்து விழுகிறது. இதழில் பனித்துளி, கீழே ‘இன்றைய நாளுக்கு நன்றி சொல்வோம்’ என்று எழுத்து. அனுப்புகிறவளுக்கு நல்ல மனசுதான். எனக்கு அந்நேரம் முழங்கால் மடங்காது. இவருக்குச் சர்க்கரை ஊசி போட வேண்டும். பால்காரன் பாக்கெட்டை கேட்டில் மாட்டிவிட்டுப் போயிருப்பான், அதை எடுக்கப் படி இறங்க வேண்டும். நன்றி சொல்வதற்கு முன்னால் ஒரு வாய் காப்பி குடித்தால் தேவலை என்றிருக்கும். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நமக்கெல்லாம் ஒரே வயசுதானே.

நேற்று நம் வகுப்புத் தலைவி உத்தரவு போட்டிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் தொடங்கியது, இன்னும் அவள்தான் தலைவி. வாழ்க்கையில் தனக்கு ஊக்கம் தந்த ஒருவரைப் பற்றி ஆளுக்கொரு பக்கம் எழுத வேண்டுமாம். எழுதாவிட்டால் போன் போட்டுக் கேட்பாள். போனில் பேசுவதைவிட எழுதுவது எனக்கு லேசு என்று உங்களுக்கே தெரியும். ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவர்கள் நீங்கள், என் திக்குவாய் மறந்திருக்காது. ஆனால் அந்த ஆறாம் வகுப்புக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பது உங்களில் யாருக்கும் தெரியாது. அதை எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் அடங்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் சாரல் முந்திக்கொண்டது. வைகாசி முடிவதற்குள்ளேயே மலை மறைந்துவிட்டது. குடை பிடித்தால் வெட்கமாக இருக்கும், பிடிக்காவிட்டால் தலை நனைந்துவிடும், அந்த மாதிரித் தூறல். வீட்டில் துணி காயாது. அம்மா கரிச்சட்டியில் கனலைப் போட்டு, மேலே மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் எங்கள் துணிகளைப் பரப்பிவிடுவாள். அந்தப் பாவாடையைக் கட்டிக்கொண்டால் புகைவாசம் நாள் முழுக்கக் கூடவே வரும். பெரிய கோயில் கோபுரம் அப்போது மொட்டையாக நின்றது. வாசலில் மட்டும் இன்றைக்குப் போலவே காற்று ஆளைத் தள்ளும்.

அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் சேர்த்து ஒரு இரும்புக்கடை இருந்தது. ஆணி, கீல், தாழ்ப்பாள், மண்வெட்டி, கயிறு, வாளி என்று எல்லாம் கிடைக்கும். உள்ளே நுழைந்தால் துருவும் சணலும் எண்ணெயும் கலந்த வாசம் தொண்டையில் இறங்கும். பெரியப்பா முன்னால் கல்லாவில் இருப்பார். அவர் குரல் தெருக்கோடிக்குக் கேட்கும். “வாரும் அண்ணாச்சி! அச்சன்புதூர்ல நடவு முடிஞ்சிட்டா? மருமகப் பிள்ளை சௌரியமா இருக்காரா?” என்று கேட்டு முடிப்பதற்குள் வந்தவர் மண்வெட்டி வாங்க வந்ததையே மறந்து உட்கார்ந்துவிடுவார்.

அப்பா பின்னால் தராசுக்குப் பக்கத்தில் நிற்பார். பேச மாட்டார். பெரியப்பா கொள்முதலுக்குச் செங்கோட்டைக்கோ கொல்லத்துக்கோ போகிற நாளில் மட்டும் கல்லாவுக்கு வருவார். அப்போது மடியில் ஒரு சிலேட்டு இருக்கும். விலை கேட்டால் எழுதிக் காட்டுவார். கடைத்தெருவில் அவருக்குத் திமிர் பிடித்தவர் என்று பேர். “சின்ன முதலாளி வாயைத் தொறந்தா முத்து உதிந்துரும்லா” என்று என் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சிலேட்டு மரச்சட்டம் போட்டது, ஒரு மூலை உடைந்திருக்கும். பிற்பாடு அது எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

வீட்டிலும் அப்பா அப்படித்தான். என் அண்ணனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். என்னை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “ஏட்டி” என்பார், இல்லாவிட்டால் விரலைச் சொடுக்குவார். பெண்பிள்ளை, அதிலும் பேச வராத பெண்பிள்ளை, அதனால்தான் அவருக்கு நான் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பத்து வயதில் அப்படி நினைத்துக்கொண்டால் அது உள்ளேயே கிடந்து வளரும்.

என் பேர் ‘க’வில் தொடங்குகிறது. யாராவது பேரைக் கேட்டால் அந்தக் ‘க’ தொண்டையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கண் இறுகும், தாடை இடப்பக்கம் இழுத்துக்கொள்ளும். கேட்டவர் முகத்தில் முதலில் சிரிப்பு வரும், அடுத்து இரக்கம் வரும். இரண்டில் எது மோசம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. ஐந்தாம் வகுப்பு வாத்தியார் நான் வேண்டுமென்றே செய்கிறேன் என்று நினைத்து ஸ்கேலால் விரல் மொழியில் அடித்தார். அம்மா வசம்பைச் சுட்டுத் தேனில் இழைத்து நாக்கில் தடவினாள். வசம்பை அவள் பேர் சொல்ல மாட்டாள், ‘பேர் சொல்லாதது’ என்றுதான் சொல்லுவாள். பண்பொழித் திருமலைக் கோயிலுக்கு வெள்ளியில் ஒரு நாக்குச் செய்து போடுவதாகவும் நேர்ந்திருந்தாள்.

எல்லோரையும்விட என்மேல் பிரியமாக இருந்தவர் பெரியப்பாதான். அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. குற்றாலம் போய்வந்தால் மங்குஸ்தான் வாங்கிவருவார். உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து அமுக்கி உடைத்து, வெள்ளைச் சுளைகளை முதலில் என் வாயில் போட்டுவிட்டுத்தான் அண்ணனுக்குக் கொடுப்பார். ஊதாக்கறை அவர் வேட்டியில் எப்போதும் இருக்கும். நான் பேசத் திணறினால் அவருக்குப் பொறுக்காது. சொல்லை அவரே முடித்துவைப்பார். நான் “த... த...” என்றால், “தண்ணியா? ஏய், பிள்ளைக்குத் தண்ணி கொண்டாங்க!” என்று சத்தம் போடுவார். நான் சொல்லவந்தது தலைவலி என்றிருக்கும். தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விடுவேன்.

பள்ளிக்கூடம் திறக்கப் போகிற சமயத்தில் ஒரு நாள் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடி பெரியப்பா அப்பாவிடம் சொன்னார்: “ஏலே, இவ அஞ்சு வரைக்கும் படிச்சாச்சு. போதும்லா? பெரிய பள்ளிக்கூடத்துல ஊர்ப்பட்ட பிள்ளைக வரும், கேலி பண்ணும். திக்குவாய்னு வெளிய பேரு ஆயிட்டுன்னா நாளைக்கு எவன் கெட்டுவான்? வீட்டோட இருந்தா யாருக்குத் தெரியும்? அதிகம் பேசாத பிள்ளைன்னு நல்ல பேரால்லா போயிரும்.”

கெட்ட எண்ணத்தில் அவர் சொல்லவில்லை. தன் தம்பியை அப்படித்தான் காப்பாற்றி வைத்திருந்தார். அது எனக்கு அப்போது தெரியாது.

அப்பா மோர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அவர் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம். அம்மாதான் அடுக்களை வாசலிலிருந்து பெரியப்பாவிடம், “அத்தான், பெரிய டீச்சரம்மாட்ட ஒரு தரம் கூட்டிட்டுப் போய்ப் பாத்துருவோம். அவுகளும் வேண்டாம்னு சொன்னா விட்டுருவோம்” என்றாள்.

“சரி, அதுக்கென்ன. நானே கூட்டிட்டுப் போறேன்” என்றார் பெரியப்பா.

பால் கொண்டுவருகிற அம்மாள் ஒருத்தி அம்மாவிடம் யோசனை சொல்லியிருந்தாள். புலியருவித் தண்ணீரை உச்சந்தலையில் வாங்கினால் நாக்கு இளகிவிடுமாம். டீச்சரம்மாவைப் பார்க்கப் போவதற்குள் இளக்கிவிட வேண்டும் என்று அம்மா அப்பாவை விரட்டினாள். கடை திறப்பதற்கு முன்னால், தினமும் காலையில், அப்பா என்னை சைக்கிளில் குற்றாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினார்.

தலையில் எண்ணெய் வழிய, கேரியரில் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்து, அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டு போவேன். மேலகரம் தாண்டியதும் காற்றில் ஈரம் கூடிவிடும். பலாப்பழ வாசம், எங்கோ வறுபடுகிற நேந்திரங்காய் வாசம், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களின் சீசாக்கள் வரிசையாக. கூரை விளிம்புகளில் குரங்குகள் நனைந்த குட்டிகளை அணைத்துக்கொண்டு குந்தியிருக்கும். அப்பா எங்கேயும் நிற்க மாட்டார். புலியருவி சின்ன அருவி. பேரருவியின் கூட்டம் அங்கே வராது. அந்நேரத்தில் பல நாள் நாங்கள் மட்டும்தான் இருப்போம்.

முதல் நாள் நான் அழுதேன். தண்ணீர் தலையில் கூழாங்கல்லைக் கொட்டுகிற மாதிரி விழுந்தது. அப்பா என் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டு, தான் அந்தப் பக்கம் தண்ணீர் கனமாக விழுகிற இடத்துக்குப் போய்ப் பாறையைப் பார்த்து நின்றுகொண்டார்.

சில நாள் கழித்து ஒரு காலையில் பாசியில் கால் வழுக்கியது. “எப்பா, வழுக்குது!” என்று கத்தினேன். கத்திய பிறகுதான் உறைத்தது. எங்கேயும் நிற்காமல் முழுசாக வந்திருந்தது. தண்ணீர்ச் சத்தத்தில் அப்பாவுக்குக் கேட்கவில்லை, எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மறுபடியும் சொல்லிப் பார்த்தேன். வந்தது. என் பேரைச் சொன்னேன். அதுவும் வந்தது.

அதற்கப்புறம் எனக்கு விடிவது பொறுக்காது. அருவிக்குள் நின்று பேசிக்கொண்டே இருப்பேன். வாத்தியாரைத் திட்டுவேன். ‘எனக்குத் தண்ணி வேண்டாம் பெரியப்பா, தலைவலிக்குது’ என்பேன். வாய்ப்பாடு சொல்லுவேன். வெளியே வந்து துண்டைப் போர்த்திக்கொண்டதும் பழையபடி பூட்டிக்கொள்ளும். இப்போது இதற்கெல்லாம் காரணம் சொல்லுகிறார்கள். தன் குரல் தனக்குக் கேட்காவிட்டால் திக்குகிறவர்களுக்குத் திக்காதாம். அப்போது அருவிக்குள் ஏதோ சாமி இருக்கிறது என்று நினைத்தேன்.

அப்பாவின் தாடையும் அசைவதை அப்புறம்தான் கவனித்தேன். மந்திரம் சொல்லுகிறார் என்று முதலில் நினைத்தேன். என்ன மந்திரம் என்று அறிய ஆசையாக இருந்தது. ஒரு நாள் பாறையைப் பிடித்துக்கொண்டே நகர்ந்து அவர் முதுகுக்குப் பின்னால் போய்விட்டேன்.

அவர் கத்திக்கொண்டிருந்தார். “கீல்! கொண்டி! கடப்பாரை! வாங்க அண்ணாச்சி, என்ன வேணும்?” கழுத்து நரம்பு புடைக்க, பெரியப்பாவின் குரலைப் போலவே ஒரு குரல். அந்தக் குரல் அவருக்கு இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. பிறகு என் பேரைச் சொன்னார். நிற்காமல், உடையாமல், முழுசாக. மறுபடியும் சொன்னார். யாரையோ தூரத்திலிருந்து கூப்பிடுகிற மாதிரி, பாறையைப் பார்த்து என் பேரைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

திரும்பினார். நான் நிற்பதைப் பார்த்தார். புருவத்திலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. வாய் மூடிக்கொண்டது. வெளியே வந்து துண்டை எடுத்து என் தலையைத் துவட்டினார். அன்றைக்கு ரொம்ப நேரம் துவட்டினார்.

அம்மா கரிச்சட்டியை விசிறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, “எம்மா, அ... அப்பாவுக்கும் என்னை மா... மாதிரியா?” என்று கேட்டேன்.

அம்மா விசிறியை நிறுத்தினாள். “உனக்கு இப்பந்தான் தெரியுதா? நான் கெட்டிட்டு வந்த புதுசுல இந்த மனுசன் ஊமைன்னுல்லா நெனச்சேன். பிறவு ஒரு நாள் எம்பேரைச் சொல்ல வந்தாரு, அப்பந்தான் வெளங்குச்சு. சின்னதுலேருந்தே உங்க பெரியப்பாதான் அவருக்கும் சேத்துப் பேசுவாராம். வராத எழுத்துப் பக்கமே இவரு போகமாட்டாரு, பாத்துக்கோ.”

“எ... எம்பேரு?”

“நீ பொறந்தப்ப பேரு வச்சது பெரியப்பா. ‘க’ வேண்டாம்னு சொல்லணும்னு இவருக்கு. எந்திரிச்சுக்கூட நின்னாரு. அவரு அதைச் சொல்லுததுக்குள்ள உங்காதுல பேரை மூணு தரம் சொல்லி, சர்க்கரையும் குடுத்து முடிச்சாச்சு.” அம்மா சிரித்தாள். சிரித்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். புகைதான் காரணம் என்று நினைத்தேன்.

பள்ளிக்கூடத்துக்குப் போன நாளும் தூறல்தான். நீங்களும் அன்றைக்குத்தான் வந்திருப்பீர்கள். தலைமையாசிரியை அறைக்கு வெளியே வரிசை, ஈரப் பாவாடைகள், ஓட்டு விளிம்பிலிருந்து சொட்டுகிற தண்ணீர். பெரியப்பா வெள்ளை வேட்டியில் முன்னால் போனார். நான் நடுவில். அப்பா கடையைப் பூட்டிவிட்டு வந்து எங்களுக்குப் பின்னால் நின்றார். அவரை யாரும் வரச்சொல்லியிருக்கவில்லை.

“உன் பேரு என்னம்மா?” என்று டீச்சரம்மா கேட்டார்.

அந்தக் ‘க’ வந்து உட்கார்ந்தது. பெரியப்பா என் பேரைச் சொன்னார்.

“பிள்ளைட்டல்லா கேட்டேன், அண்ணாச்சி” என்றார் டீச்சரம்மா. ஒரு புத்தகத்தைப் பிரித்து வாசிக்கச் சொன்னார். முதல் வார்த்தையிலேயே நின்றுவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு அருவியை நினைத்துப் பார்த்தேன், உதவவில்லை. அவர் புத்தகத்தை வாங்கிக்கொண்டு, ஒரு தாளில் கணக்குப் போட்டுக் கொடுத்தார். எல்லாவற்றையும் போட்டேன். பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“கணக்கு நல்லாத்தான் போடுதா. ஆனா வகுப்பு நெறைய பிள்ளைக. ஒரு டீச்சர் இவ ஒருத்திக்காக நின்னுக்கிட்டு இருக்க முடியுமா? மத்த பிள்ளைக சிரிக்கும், இவ மனசொடிஞ்சு போவா. ஒரு வருசம் வீட்ல வச்சுப் பாருங்க. நாக்குத் திருந்தினா கூட்டிட்டு வாங்க.”

“அதைத்தாம்மா நானும் சொல்லுதேன்” என்று பெரியப்பா எழுந்தார். “வா தாயி, போவோம்.”

அப்பா நகரவில்லை. “டீ...” என்றார்.

டீச்சரம்மா நிமிர்ந்து பார்த்தார். அப்பாவின் கண் இறுகியது. தாடை இடப்பக்கம் இழுத்தது. அப்படி இழுக்கும்போது என் முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“தம்பி என்ன சொல்லுதான்னா...” என்று பெரியப்பா தொடங்கினார். அப்பா கையை நீட்டி அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்தார். முரட்டுத்தனமாகப் பிடிக்கவில்லை. ஆனால் விடவும் இல்லை.

“அ... அண்ணேன். நா... நானே சொல்லுதேன்.”

பெரியப்பா வாயை மூடினார். அவர் பாதியில் நிறுத்தி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அப்பா என் பேரைச் சொல்லத் தொடங்கினார். அந்த ஒரு எழுத்தில் அவர் நின்றுகொண்டே இருந்தார். தலை முன்னும் பின்னும் அசைந்தது. ஜன்னல் கம்பியில் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள், பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். டீச்சரம்மா மேஜையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கடைசியில் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அப்பா என் பேரைச் சொல்லி முடித்தார்.

“எ... எம் மக. அவளுக்கு அறிவு கு... குறைச்சல் இல்ல. எனக்கும் இல்ல. பே... பேச நேரமாகும். அவ்வளவுதான். நீங்க கொ... கொஞ்சம் பொறுக்கணும்.”

இவ்வளவுதான் அவர் சொன்னது. எழுதிப் பார்த்தால் நாலு வரிகூட இல்லை. அதைச் சொல்லி முடிப்பதற்குள் வரிசை ஜன்னலுக்கே வந்துவிட்டது.

டீச்சரம்மா மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு, “உக்காருங்க” என்றார், அப்பாவைப் பார்த்து. “காலாண்டுப் பரீட்சை வரைக்கும் இருக்கட்டும். பொறுத்துப் பாக்கேன்.”

வெளியே வந்ததும் எனக்குப் பெருமையாக இருந்தது என்று எழுதினால் நம் தலைவிக்குப் பிடிக்கும். பெருமை இல்லை, கூச்சமாக இருந்தது. பிள்ளைகள் எங்களையே பார்த்தார்கள். பெரியப்பா குடையை விரித்துக்கொண்டு தனியாக முன்னால் போய்விட்டார். அப்பாவின் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. அது தூறல் இல்லை, வேர்வை. மூட்டை தூக்கி இறக்கியவர் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு நடந்தார். கோயில் வாசலுக்கு வந்ததும் அந்தக் காற்றில் சட்டைப் பித்தானைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். நானும் நின்றேன்.

பெரியப்பாவுக்குத் தாங்கவில்லை. “எத்தனை வருசமா அவனுக்காவத் தொண்டை வத்தப் பேசியிருக்கேன். நாலு பேருக்கு முன்னால எங்கையைப் பிடிச்சு நிப்பாட்டுதான்” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, அப்பாவோடு பேசுவதை விட்டுவிட்டார். பேசுவதை விட்டார் என்றால் கடையிலும்தான். கல்லாவில் வந்து உட்கார்ந்து, வருகிறவர்களைப் பார்க்காமல் செய்தித்தாளை விரித்துக்கொள்வார். ‘இனி நீயே பேசிக்கொள்’ என்பதுபோல.

அப்பா பேசினார். வேறு வழியில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கடை வழியாகத்தான் வருவேன். “கடப்பாரை இருக்கா?” என்று யாராவது கேட்பார்கள். “இ... இருக்கு” என்பார். விலையையும் வாயால் சொல்லுவார். சிலர் பொறுமையில்லாமல் எதிர்க்கடைக்குப் போனார்கள். சிலர் அவர் முகத்துக்கு நேராகச் சிரித்தார்கள். கடைத்தெருவில் அவரைப் போலப் பேசிக் காட்டுகிற விளையாட்டு ஒன்று ஆடி மாதம் முழுக்க நடந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அப்பா வெறுந்தரையில் படுத்துக்கொள்வார். கழுத்தில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு கிடப்பார். ஒரு மனிதர் வெறும் பேச்சால் அவ்வளவு களைத்துப்போவதை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. மறுநாள் காலையில் எழுந்து, “ஏட்டி” என்று கூப்பிடாமல், என் பேரைத் தொடங்குவார். சட்டியில் தோசை கருகினாலும் முடிக்காமல் விடமாட்டார்.

தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள் பெரியப்பா தானாகவே செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, “வாரும் அண்ணாச்சி!” என்று பழைய குரலில் கூப்பிட்டார். அண்ணன் தம்பிக்குள் வேறு சமாதானம் எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகும் அப்பா தராசுக்குப் பின்னால் போய் நிற்கவில்லை.

யாருக்கும் திக்கு சரியாகவில்லை. அப்பாவுக்குக் கடைசிவரை இருந்தது, எனக்கு இன்னும் இருக்கிறது. அம்மா மட்டும் வெள்ளி நாக்கைக் கொண்டுபோய்த் திருமலையில் போட்டுவிட்டு வந்தாள். “சரியாகலையேம்மா” என்றதற்கு, “பள்ளிக்கூடத்துல சேத்துக்கிட்டாகல்லா, அது போதும்” என்றாள். வகுப்பில் ‘உள்ளேன் அம்மா’ சொல்ல நான் பட்ட பாடும் நீங்கள் சிரித்ததும் உங்களுக்கே தெரியும். அதைப் பற்றி இப்போது பேசி என்ன. டீச்சர் பொறுத்தார். சில மாதங்களில் நீங்களும் பொறுத்தீர்கள், அல்லது சிரித்து அலுத்துவிட்டீர்கள்.

அப்பாவிடம் நன்றி என்று ஒருநாளும் நான் சொன்னதில்லை. ‘ந’ எனக்கு லேசாக வருகிற எழுத்துதான். ஆனாலும் அப்பாவிடம் போய் யார் நன்றி சொல்லுகிறார்கள்? படித்தேன், மருந்தாளுநர் படிப்பு முடித்தேன், அரசு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற ஜன்னலில் வேலை கிடைத்தது. பாருங்கள், அமைந்த வேலையை. காலையிலிருந்து மதியம்வரை பேரைக் கூப்பிட வேண்டும். எந்த மாத்திரையை எப்போது சாப்பிட வேண்டும் என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு பேரும் எனக்கு ஒரு மேடு. அப்பாவை நினைத்துக்கொண்டு ஏறினேன் என்று சொல்லமாட்டேன். வரிசை நீண்டு கிடக்கும்போது எதுவும் நினைவுக்கு வராது, கால் வலிதான் தெரியும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து நானும் வெறுந்தரையில் படுப்பேன். அப்போது சில நாள் நினைத்துக்கொள்வேன். அவர் மறுநாளும் எழுந்து போனாரே என்று. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த ஊக்கம். பூவில் பனித்துளியோடு அது வரவில்லை.

அப்பா போன பிறகு பெரியப்பா ரொம்ப ஒடுங்கிவிட்டார். சர்க்கரை வந்து கால் மரத்துப்போய், கோல் ஊன்றி நடந்தார். மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்கு வருவார். பக்கவாசல் வழியாக உள்ளே வரலாம், என்னிடம் கேட்டால் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன். அவர் வரிசையில்தான் நின்றார்.

முதல் தடவை அவர் சீட்டு என் கைக்கு வந்தபோது எனக்குக் குழப்பம். பெரியப்பாவைப் பேர் சொல்லி எப்படிக் கூப்பிடுவது? முறையைச் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தேன்.

“பெ... பெ...” என்று நின்றுவிட்டது.

ஜன்னலுக்கு முன்னால் நின்றவர் சலித்துக்கொண்டார். “யாரும்மா? பெருமாளா? சட்டுனு சொல்லுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு.” இன்னொருத்தர், “பேச்சியம்மாளா இருக்கும். ஏ பேச்சியம்மா, முன்னால போ!” என்று குரல் கொடுத்தார். வரிசையில் சிரிப்பு ஓடியது.

நான் பின்வரிசையைப் பார்த்தேன். பெரியப்பாவுக்கு அந்தச் சொல் என்ன என்று தெரிந்துவிட்டது. அவர் வாய் திறந்தது. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் சொல்லை முடித்துவைத்த வாய். அப்படியே திறந்திருந்துவிட்டு, மூடிக்கொண்டது. கோலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார்.

“பொறும்யா” என்றார், அந்தப் பழைய குரலில். “பிள்ளை சொல்லுதால்லா. சொல்லட்டும்.”

வரிசை அடங்கியது. எவ்வளவு நேரமானது என்று தெரியாது. “பெரியப்பா” என்று கூப்பிட்டேன்.

கோலை ஊன்றிக்கொண்டு வந்தார். எந்த மாத்திரை காலையில், எது ராத்திரியில், எது சாப்பாட்டுக்கு முன்னால் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ரொம்ப நேரம் பிடித்தது. எல்லாம் வருஷக்கணக்காக அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரைகள்தான். ஒன்றும் தெரியாதவரைப் போல, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நான் முடிக்கும்வரை கேட்டுக்கொண்டு நின்றார்.